பத்துப் புள்ளி திருந்தியவர்

சிறைக்குப் போகிறவனுக்கு ஒரு நிம்மதி உண்டு. உள்ளே போன தேதியும் வெளியே வரும் தேதியும் அவனுக்குத் தெரியும். என் மச்சானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போயிற்று. நீதிபதி நல்ல மனிதர். அவரைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்துவதற்கு அனுப்பிவிட்டார்.

மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பேருந்து நிலையத்தின் பின்வாசலில் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறார். கடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு பெட்டி, ஒரு முக்காலி, ஒரு மெஷின், தகரத்தில் வெட்டிச் சிவப்புப் பெயின்ட் அடித்த ஆள் உயரச் சாவி ஒன்று. இருபத்தெட்டு வருடமாக அதே இடம். அக்கா தவறி ஆறு வருடமாகிறது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். பஸ்ஸில் நாலரை மணி நேரம். மச்சான் அதிகம் பேசமாட்டார். பூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார், அது சொல்வதைக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான் அவருடைய சம்பாஷணை.

ஒரு மத்தியானம் டை கட்டிய மனிதர் ஒருவர் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு, மூச்சு வாங்க வந்து நின்றார். கதவு தானாகச் சாத்திக்கொண்டதாம், சாவி உள்ளேயாம், அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறதாம். மச்சான் ஓடினார். ஒரு நிமிடத்தில் திறந்தார். திறந்ததோடு நிற்காமல் அடுப்பை அணைக்கச் சமையலறைக்குள்ளும் ஓடினார். அடுப்பு எரியவில்லை. நல்லவேளை என்று சந்தோஷப்பட்டு, அந்த மனிதர் கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார். சாயங்காலம் உண்மையான வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தபோது வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. டை கட்டியவரின் கைரேகை எங்குமே இல்லை. மச்சானுடைய ரேகை மட்டும் அடுப்புத் திருகில், ஐந்து விரலும் முழுசாக இருந்தது.

நீதிபதி அவருடைய முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு சின்னப் புகார்கூட இல்லாதவர் என்று சொல்லி, ஒரு வருடம் நன்னடத்தை மேற்பார்வையில் இருக்க உத்தரவிட்டார். நிபந்தனைகள் பதினொன்று. ஒன்றை மீறினாலும் ஆறு மாதம் உள்ளே. நாங்கள் வெளியே வந்து, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று டீ குடித்தோம். எனக்கு இப்போது நினைத்தாலும் அந்த டீயின் மேல் கோபம் வருகிறது.

ஏனென்றால் அதே வாரம்தான் அக்கா மகள் எனக்குப் போன் செய்தாள். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் ஏழாம் மாதத்தில் கைவிட்டுப் போனது. இது மூன்றாவது. இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவிடம் நேரே கேட்கத் தயங்கி என்னிடம் சொன்னாள்.

“மாமா, அம்மா இருந்தா நான் யாரையும் கேக்க மாட்டேன். இந்தத் தடவ பிரசவத்தப்போ அப்பா வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கணும். அவர் ஒண்ணும் பண்ண வேண்டாம். இருந்தாப் போதும்.”

இருப்பார் என்று நான் வாக்குக் கொடுத்தேன். மூன்றாம் நிபந்தனை எனக்கு அப்போது தெரியாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் மேற்பார்வையில் உள்ளவர் நகர எல்லையைத் தாண்டக் கூடாது.

இனி மேற்பார்வை அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு மாடி. அதற்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. அங்கே எது கேட்டாலும் மூன்று பிரதி. அந்த அலுவலகம் இல்லாவிட்டால் நான் எப்போதோ கடையைச் சாத்தியிருப்பேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

மச்சானுக்கு வாய்த்த அதிகாரி ஒரு பெண். முப்பது வயதிருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். கழுத்தில் அடையாள அட்டையும் முகத்தில் அனுதாபமும் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் நாளே, நாங்கள் தண்டிக்கிறவர்கள் இல்லை, உங்கள் கூடவே நடக்கிறவர்கள் என்று சொன்னார். மச்சான் மரியாதையாக, எங்கே போகிறோம் என்று கேட்டார். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

ஆறாம் நிபந்தனைப்படி, பூட்டைத் திறக்கக்கூடிய எந்தக் கருவியையும் அவர் தொடக் கூடாது. ஏழாம் நிபந்தனைப்படி, தமக்குத் தெரிந்த தொழிலை இடைவிடாமல் செய்துவர வேண்டும். மச்சான் இரண்டையும் மூன்று முறை படித்துவிட்டு, சாவி வெட்டுகிறவன் எதைத் தொட்டு வெட்டுவது என்று கேட்டார். இரண்டு நிபந்தனைகளையும் எழுதியது வேறு வேறு குழுக்கள் என்று அதிகாரி அம்மா விளக்கினார். அரங்களும் கம்பிகளும் மெஷினும் ஒரு கோணியில் கட்டப்பட்டு ஸ்டோர் அறைக்குப் போயின. மச்சானை நான் ஜெராக்ஸ் கடையில் சேர்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு கேள்வித்தாள். அறுபது கேள்வி, மொத்தம் நூறு புள்ளி. ஆள் எவ்வளவு ஆபத்தானவர் என்று அது சொல்லிவிடும். கோபத்தில் பொருட்களை வீசியது உண்டா என்பது ஒரு கேள்வி. மச்சான் வெகுநேரம் யோசித்து, பல் தப்பாக விழுந்த சாவி ஒன்றை ஒருமுறை குப்பைக் கூடையில் போட்டதாகச் சொன்னார். கோபமாகவா என்று அதிகாரி அம்மா ஆவலோடு கேட்டார். இல்லை, குப்பை என்பதால் போட்டேன் என்றார் இவர். குடிப்பீர்களா, அடித்திருக்கிறீர்களா, சிறையில் நண்பர்கள் உண்டா, எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. கடைசியில் கம்ப்யூட்டர் கூட்டிப் போட்டது: இரண்டு. அந்த இரண்டும் மனைவி உயிரோடு இல்லை என்பதற்கு. என் அக்கா செத்துப்போன குற்றத்துக்கு இரண்டு புள்ளி போட்டார்கள்.

அதிகாரி அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நல்ல சரக்கு என்று நம்பி வாங்கிய பெட்டியைத் திறந்து பார்த்தவர்போல இரண்டு முறை திரையைத் தட்டினார்.

வாரா வாரம் செவ்வாய்க்கிழமை கையெழுத்து. காத்திருக்கும் அறையில் பெஞ்சு நெருக்கமாக இருக்கும். மச்சானுக்குப் பக்கத்தில் எப்போதும் ‘பிளேடு’ என்று எல்லோரும் கூப்பிடும் கிழவர் உட்காருவார். முப்பது வருடம் பேருந்துகளில் பர்ஸ் அடித்தவர்; இப்போது இழுப்பு வந்து ஓட முடியாததால் தானாகவே திருந்திவிட்டார், அலுவலகத்துக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை. ஒருநாள் அவர் செய்தித்தாளில் பாதியைப் பிரித்து மச்சானிடம் நீட்டினார். இவர் வாங்கிப் படித்தார். ஐந்தாம் நிபந்தனை, குற்றம் செய்தவர்களோடு பழகக் கூடாது. மூன்று புள்ளி ஏறிற்று. அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்தது யார் என்று நான் கேட்டேன். இடவசதி என்பது கட்டடத் துறையின் பொறுப்பாம். அடுத்த மாதம் ‘நல்ல நட்பு’ என்று கட்டாய வகுப்பு வைத்தார்கள். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும். மச்சானின் ஜோடி பிளேடு. மனம்விட்டுப் பேசினார்கள், இன்னொரு மூன்று.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். நாங்கள் எடுத்து விட்டுக்கொள்ளவில்லை, நீதிமன்றமே விட்டு அனுப்பியிருந்தது.

மூன்றாம் மாதம் அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்தோம். பிரசவம் ஐந்து மாதம் தள்ளி இருந்தது. நேரத்தோடு செய்துவிடலாம் என்பது என் கெட்டிக்காரத்தனம். அதிகாரி அம்மா விதியை எடுத்துக் காட்டினார். தொடக்கப் புள்ளியிலிருந்து பத்துப் புள்ளி குறைந்தவர்களுக்கு மட்டுமே வெளியூர் அனுமதி. திருந்தியதற்கு அதுதான் சாட்சி.

மச்சானின் தொடக்கப் புள்ளி இரண்டு. இரண்டில் பத்துப் போக மீதி என்ன என்று நான் கேட்டேன். எட்டு கீழே போகும், ஆனால் கம்ப்யூட்டர் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்றார். அப்படியானால் குற்றமே செய்யாதவன் எப்படித் திருந்துவது? அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, மனதைத் திறந்து பேசினார்.

“உங்க மச்சான் மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்குச் சிரமம். வரும்போதே நல்லவங்களா வந்துடறாங்க. நாங்க என்னத்தத் திருத்தறது? போன வருஷம் இப்படி ரெண்டு பேர் வந்ததுல எங்க பிரிவோட சராசரியே கெட்டுப்போச்சு.”

ஆனாலும் அவர் கெட்டவர் அல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் ஆறு மாதத்துக்குள், மறைத்துவைத்த உண்மைகளைத் தாமாக முன்வந்து சொன்னால் தொடக்கப் புள்ளியைத் திருத்தி எழுதலாம். ஏற்றி எழுதிவிட்டு, பிறகு இறக்கினால் பத்து கிடைத்துவிடும்.

மச்சானிடம் மறைத்துவைத்த உண்மை எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனுடைய பென்சிலை எடுத்ததைச் சொன்னார். திருப்பிக் கொடுத்தீர்களா என்று அதிகாரி அம்மா கேட்க, மறுநாளே கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அதையும் கெடுத்துக்கொண்டார். கடைசியில் நான் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். தினமும் குடி. கோபம் வந்தால் தட்டு பறக்கும். வேலைக்கு மாதத்தில் பத்து நாள்தான் போவார். இதையெல்லாம் அவர் மனப்பாடம் செய்ய வேண்டும். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல் சொல்லிப் பார்ப்பார். தட்டு பறக்கும் இடத்தில் குரல் உள்ளே போய்விடும். உங்கள் அக்காள் காதில் விழுந்தால் என்ன நினைப்பாள் என்று ஒருநாள் கேட்டார். நான் மெஷினில் அடுத்த தாளை வைத்தேன்.

மறுபடி கேள்வித்தாள் முன்னால் உட்கார்ந்தபோது, முதல் கேள்விக்கே தயங்கி, அதிகாரி அம்மாவிடம் பவ்யமாகக் கேட்டார்:

“பொய் சொல்றது தப்பாச்சேம்மா. அது நன்னடத்தைல வராதா?”

“திருந்தறதுக்காகச் சொல்ற பொய் சிகிச்சைல சேரும்,” என்றார் அந்த அம்மா. “தைரியமா சொல்லுங்க.”

நாற்பத்தொன்று வந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, எழுந்து நின்று மச்சானின் கையைக் குலுக்கினார். இனிமேல்தான் உங்களோடு வேலையே செய்ய முடியும் என்றார். எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் நாற்பதைத் தாண்டினால் ஆள் தீவிரக் கண்காணிப்புக்கு மாறிவிடுவார் என்பதைப் பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வாரம் ஒரு கையெழுத்து மூன்றாயிற்று. காலில் கறுப்பாக ஒரு பட்டை கட்டினார்கள்; எங்கே போனாலும் அது அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தினமும் இரண்டு மணி நேரம் அதற்குச் சார்ஜ் போட வேண்டும். ஆளைவிட்டுக் கழற்ற முடியாது, அதனால் ஆளோடு சேர்த்துப் போட வேண்டும். என் கடையில் பிளக் சுவரில் மேலே இருக்கிறது. மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலை மெஷின்மேல் தூக்கிவைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குப் பிரதி எண்ணிக் கொடுப்பார். காலில் அடியா என்று கேட்பவர்களுக்கு, ஆமாம், வைத்தியம் நடக்கிறது என்று சொல்லுவார்.

குடி மறக்கும் வகுப்பும் தொடங்கிற்று. அங்கே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து முதன்முதலில் குடித்ததை விவரிக்க வேண்டும். மச்சான் ஆயுளில் குடித்தது இருமல் மருந்து ஒன்றுதான். அதையே சொன்னார். கசப்பாக இருந்தது, மூடியில் ஊற்றிக் குடித்தேன், தூக்கம் வந்தது, காலையில் மறுபடி மூடியில் ஊற்றினேன். பழைய குடிகாரர்கள் நாலு பேர் கண் கலங்கினார்கள். குடிக்கும்போதும் அளவு தவறாதவர், இவரை மீட்டுவிடலாம் என்று வகுப்பு ஆசிரியர் எழுதினார். பத்து வாரத்தில் மச்சான் ஒரு சொட்டும் தொடவில்லை என்று ரத்தப் பரிசோதனை மூன்று முறை சொல்லிற்று. ஏழாம் மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் முப்பத்தொன்று காட்டியது. சரியாகப் பத்து குறைந்திருந்தது.

அதற்குள் அக்கா மகளுக்கு ஏழாம் மாதம் தாண்டியிருந்தது. முதல்முறையாகத் தாண்டியிருந்தது. போனில் சொல்லும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. டாக்டர் சொன்ன தேதி மறுமாதம் இருபத்திரண்டு.

அனுமதிச் சீட்டில் துணை இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் நாலாவது மாடியில் இருந்தார். மேற்பார்வையில் உள்ளவர்கள் நாலாவது மாடிக்கு வரக் கூடாது என்பதால் மூன்று பிரதியையும் எடுத்துக்கொண்டு நான் போனேன். அவர் மச்சானை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கோப்பைப் பார்த்தாலே ஆளைப் பார்த்தமாதிரி என்பது அவருடைய கொள்கையாம். கோப்பைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

“நாப்பத்தொண்ணுலேருந்து முப்பத்தொண்ணு. இந்த வட்டாரத்துலயே இப்படி ஒரு இறக்கம் கிடையாது. தப்பு பண்ணாதவங்கள வச்சுக்கிட்டு நாங்க என்னய்யா பண்றது? அவங்களால எங்களுக்கு அரைப் புள்ளி பிரயோஜனம் உண்டா? இவர மாதிரி மோசமான ஆளுங்கதான் இந்தத் துறையத் தாங்கறாங்க.”

சீட்டில் கையெழுத்துப் போட்டார். நான் கையை நீட்டினேன். அவர் அதை எனக்குத் தராமல் பின்னாலிருந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பதினான்காம் தேதி மறுவாழ்வு விழா, அமைச்சர் வருகிறார், நாற்பது பேருக்குத் திருந்திய சான்றிதழ் தரப் போகிறார், இந்தச் சீட்டையும் மேடையில் அவர் கையாலேயே கொடுத்தால் துறைக்குப் பெருமை என்றார். பிரசவம் இருபத்திரண்டுதானே, எட்டு நாள் இருக்கிறதே என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையை எதில் கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

பதினான்காம் தேதி காலை எட்டரை மணிக்கு மருமகப் பிள்ளை போன் செய்தார். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, குழந்தையின் துடிப்பு இறங்கி இறங்கி ஏறுகிறதாம், சாயங்காலத்துக்குள் ஆபரேஷனாகவும் இருக்கலாம். உள்ளேயிருந்து அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம், அப்பா கிளம்பிவிட்டாரா என்று.

பத்து மணிக்குப் பஸ். நானும் மச்சானும் அலுவலகத்துக்கு ஓடினோம். விழா நாளானதால் நாலாவது மாடிக்குப் போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை. அங்கே அதிகாரி அம்மா அலமாரி முன்னால் வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார். பூட்டியிருந்தது. சாவி துணை இயக்குநரிடம். அவர் அமைச்சரை வரவேற்கப் போய்விட்டார், போனை அணைத்துவைத்திருந்தார். மாற்றுச் சாவி எங்கே என்று கேட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரிக்குள்ளேயே வைத்திருக்கிறார்களாம். நாற்பது சான்றிதழும் உள்ளே, எங்கள் சீட்டும் உள்ளே. விழா பதினொன்றுக்கு.

அந்த அம்மா மெல்லத் திரும்பி மச்சானைப் பார்த்தார். மச்சான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆறாம் நிபந்தனை இருக்கிறதே என்றார். விலக்கு வாங்க ஒரு படிவம் உண்டு, அதுவும் உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லும்போது அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பது பேருடைய மறுவாழ்வு உள்ளே கிடக்கிறது, நீங்கள் மனது வைத்தால்தான் உண்டு என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

மச்சான் என்னுடைய பிரதிகளில் குத்தியிருந்த கிளிப் ஒன்றைக் கழற்றி நிமிர்த்தினார். பூட்டுக்குக் காதைக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து அவர் முகத்தில் பழைய மனிதரைப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் அலமாரி திறந்துகொண்டது. அதிகாரி அம்மா அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னார், சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார், நாற்பது சான்றிதழையும் சரிபார்த்து அடுக்கினார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டெழுத ஆரம்பித்தார்.

என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். சம்பவ அறிக்கையாம். அலுவலக வளாகத்தில் ஆறாம் நிபந்தனை மீறல், பத்துப் புள்ளி. நீங்கள்தானே திறக்கச் சொன்னீர்கள் என்றேன். அதையும் எழுதியிருக்கிறேன், தூண்டுதலுக்கு உடனே இணங்கும் சுபாவம் என்ற தலைப்பில் என்றார். எழுதாமல் விட்டால் என்ன என்று கேட்டதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. பொய் எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

திரையில் முப்பத்தொன்று அழிந்து நாற்பத்தொன்று வந்தது. இறக்கம் எதுவும் இல்லாததால் அனுமதி தானாகவே ரத்தாகிவிட்டது. சீட்டை எடுப்பதற்காகத் திறந்ததால் சீட்டு செல்லாமல் போயிற்று. அந்த அம்மாவுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கையை நீட்டி, சீட்டைத் திருப்பிக் கேட்டார்.

மச்சான் அதை இரண்டாக மடித்து மேசைமேல் வைத்தார். மணியைப் பார்த்தார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

“பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சும்மா. நான் போறேன். திரும்பி வந்ததும் ஜெயிலுக்கு எங்க வந்து நிக்கணும்னு இந்த மாப்ள கிட்ட சொல்லி அனுப்புங்க. நானே வந்துடறேன்.”

படியிறங்கிப் போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலில் பட்டையோடு, வேகமாக நடந்தால் அது கணுக்காலில் இடிக்கும் என்பதால் சற்றே சாய்ந்து, பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

எனக்கு அவர் பின்னால் ஓடத் தோன்றியது. ஆனால் எல்லை மீறினால் ஒரு மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும், போனால் வழியிலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவார்கள் என்று தெரியும். அந்த அம்மா சான்றிதழ் கட்டோடு விழா மண்டபத்துக்கு ஓட, அறிக்கை அனுப்ப வேண்டாம் என்று நான் அவர் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடினேன். மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ‘திருந்தியோர்’ என்று அட்டை ஒட்டிய நாற்காலிகளில் ஒன்றுதான் காலியாக இருந்தது. வழியில் நிற்காதீர்கள் என்று யாரோ அதட்ட, நான் அதில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் பிளேடு. மச்சான் எங்கே என்று கண்ணாலேயே கேட்டார், நானும் கண்ணாலேயே சொன்னேன்.

துணை இயக்குநர் அரைமணி நேரம் பேசினார். ஒரு மனிதனுக்குள் எவ்வளவு குற்றம் ஒளிந்திருக்கிறது என்பதை அவனே அறியமாட்டான், அதை வெளியே கொண்டுவந்து பிறகு குறைப்பதுதான் எங்கள் தொண்டு என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பிறகு, இந்த ஆண்டின் மிகச் சிறந்த இறக்கம், வழக்கு எண் நானூற்றுப் பதினேழு, மேடைக்கு வரவும் என்றார்.

அது மச்சானின் எண். யாரும் எழுந்திருக்கவில்லை. மேடையில் அமைச்சர் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு, புகைப்படக்காரருக்காகச் சிரித்தபடியே காத்திருந்தார். துணை இயக்குநர் மறுபடி அழைத்தார். குரலில் கடுப்பு தெரிந்தது. பக்கவாட்டில் நின்ற அதிகாரி அம்மா, எட்டு மாதத்தில் முதல்முறையாக, எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு காரியத்தைச் செய்தார். குனிந்து என் காதருகே, “எந்திரிங்க,” என்றார்.

எழுந்தேன். பிளேடு பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார். மேடையேறினேன், வாங்கினேன், அமைச்சர் என் தோளில் கைபோட்டு, இனிமேல் குடிக்கக் கூடாது என்று மைக்கில் சொன்னார். கேமராக்கள் மின்னின. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் செய்தித்தாளில் அது வருத்தம் தோய்ந்த முகம் என்று எழுதியிருந்தார்கள்.

மச்சான் இரண்டேமுக்காலுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கண்ணைத் திறந்து பெஞ்சைப் பார்த்தாளாம். அப்பா உட்கார்ந்திருந்தார். மூன்றரைக்குப் பெண் குழந்தை. மச்சான் எனக்குப் போன் செய்தார். குழந்தை அழுவதைக் கேட்க மட்டும் போனைத் தூக்கிப் பிடித்தார். கடையில் வாடிக்கையாளர் நிற்க, நான் மெஷினைத் திருகுவதுபோல் குனிந்துகொண்டு அழுதேன்.

மறுநாள் அலுவலகத்தில் கூட்டம். பட்டை சொல்கிறது, பத்து இருபதுக்கு ஆள் நகர எல்லையைத் தாண்டினார், திரும்பி வரவே இல்லை என்று. புகைப்படம் சொல்கிறது, பதினொன்று நாற்பதுக்கு ஆள் அமைச்சரின் கைக்குள் இருந்தார் என்று. என்னையும் கூப்பிட்டார்கள். நான் உள்ளது உள்ளபடி எல்லாவற்றையும் சொன்னேன். துணை இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பட்டை தப்பு பண்ணலாம். அது டெண்டர்ல வாங்கினது. அமைச்சர் ஆள் மாத்திக் குடுத்தார்னு நான் எழுத முடியுமா? எழுதினா அப்புறம் நானும் வாரா வாரம் இங்க வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான்.”

பட்டை பழுது என்று முடிவாயிற்று. அலமாரிச் சம்பவம், அமைச்சர் சான்றிதழ் கொடுத்த பிறகு குற்றம் நிற்காது என்பதால் நீக்கப்பட்டது. பத்து நாள் கழித்து மச்சான், சிறைக்குத் தேவையான இரண்டு சட்டையும் சோப்பும் பையில் எடுத்துக்கொண்டு அலுவலக வாசலில் போய் நின்றார். காவலாளி கோப்பில் புதிதாக ஒட்டியிருந்த மேடைப் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டான். உள்ளே விடவில்லை. அவருடைய காலில் பட்டை எப்படி வந்தது என்று சந்தேகப்பட்டு, அரசுப் பொருள் என்று அதையும் கழற்றி வாங்கிக்கொண்டான். வழியில் கிடந்த கோணியைக் காட்டி, யாருடைய குப்பையோ, எடுத்துக்கொண்டு போ என்று விரட்டினான். மச்சான் அரமும் கம்பியும் மெஷினுமாகக் கடைக்கு வந்து சேர்ந்தார். இப்போது மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

வழக்கு எண் நானூற்றுப் பதினேழு மட்டும் முடியவில்லை. அமைச்சர் கையால் சான்றிதழ் வாங்கியவர்கள் முன்மாதிரிகள். அவர்கள் மறுபடி கெட்டுவிடாமல் இருக்க இரண்டு வருடம் தொடர் கண்காணிப்பு. கோப்பில் ஒட்டியிருப்பது என் படம். செவ்வாய்க்கிழமைகளில் கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போய், பிளேடு பக்கத்தில் உட்காருகிறேன். அதிகாரி அம்மா என்னிடமும் மிகவும் அன்பாகத்தான் இருக்கிறார்.

நேற்று அக்கா மகள் போன் செய்தாள். குழந்தை குப்புற விழ ஆரம்பித்துவிட்டதாம், ஆளைப் பார்த்தால் சிரிக்கிறதாம். எல்லோரும் வந்து பார்த்துவிட்டார்கள், என் தாய்மாமன் மட்டும் இன்னும் வரவில்லையே என்று கோபித்துக்கொண்டாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள்.

“விண்ணப்பம் போட்டிருக்கேம்மா,” என்றேன்.